கணக்குப் புத்தகத்தை யார் விலைக்கு வாங்கலாம்?

கடந்த ரமழானில் ஒரு நாள், தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, ஹட்டன் நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு செயலியைக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"சேர், இத யாராலயும் உடைக்க ஏலாதாம். பிட்கொயின் மாதிரியே பிளொக்செயினாம். நீங்க கணக்கு சேர் தானே, ஒருக்கா பாத்து சொல்லுங்க."

அவர் ஏற்கனவே இரண்டரை இலட்சம் ரூபா போட்டிருந்தார். அது அவருடைய பணம், அவருடைய விருப்பம். ஆனால் அவரது கடையில் வேலை செய்யும் தோட்டத்துப் பையனும் அவரைப் பார்த்துப் பணம் போட்டிருந்தான். அது அவனுடைய பணம் அல்ல. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற தாயாருக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பங்கு.

கிரிப்டோ நாணயம் மார்க்க ரீதியாகக் கூடுமா கூடாதா என்பதைச் சொல்ல நான் ஆலிம் அல்ல. அதனை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். கல்வியியற் கல்லூரியில் கணிதம் கற்பிக்கப் பயிற்றப்பட்டவன் என்ற அளவில், "உடைக்க ஏலாது" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கணக்கிடலாம். கணக்கிட்டால், பிட்கொயினுக்கு ஒரு விடையும், அதன் பெயரைச் சொல்லி எமது ஊர்களில் விற்கப்படுபவற்றுக்கு முற்றிலும் வேறொரு விடையும் வருகின்றது.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை கிலோ பறித்தார், யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்பதெல்லாம் செக்ரோலில் ஏறுகிறது. பேனா கணக்கப்பிள்ளையின் கையில். அவர் எழுதியதுதான் கணக்கு. பிட்கொயினில் கணக்கப்பிள்ளை கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே புத்தகத்தின் பிரதி இருக்கிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமை ஒரு குலுக்கலில் தீர்மானிக்கப்படுகிறது. குலுக்கலில் ஒரு சீட்டு வேண்டுமென்றால் மின்சாரத்தைச் செலவழித்து ஒரு கணினி ஓட வேண்டும். எவருடைய இயந்திரங்கள் அதிக வேகமோ அவருக்கு அதிக சீட்டு. இரண்டு புத்தகங்கள் மாறுபட்டால், எதில் அதிக உழைப்பு சேர்ந்திருக்கிறதோ அதுவே உண்மையான புத்தகம்.

இதை நான் 11ஆம் தர வகுப்பில் தாயக்கட்டைகளை வைத்துச் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு தாயக்கட்டைகளிலும் ஆறு விழுந்தால் கரும்பலகையில் அடுத்த பக்கத்தை எழுதலாம். பிறகு வகுப்பின் ஒரு பகுதியை இரகசியக் குழுவாகப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். அவர்கள் உருட்டி எழுதுவது தங்கள் கொப்பியில் மட்டும். முன்வரிசைப் பிள்ளை ஒருவன் இரகசியக் குழுவினரிடமிருந்து "காசு" பெற்று, அது கரும்பலகையில் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுக்கிறான். சற்று நேரத்தில் பின்வரிசையினர் தங்கள் கொப்பியை வெளியே எடுக்கிறார்கள். அதில் பக்கங்கள் அதிகம். ஆனால் அந்தக் காசு கொடுத்த வரி அதில் இல்லை. விதிப்படி கொப்பிதான் இனி உண்மை. பொருளும் போய்விட்டது, காசும் போய்விட்டது.

இதுதான் பெரும்பான்மைத் தாக்குதல். 51 வீதத் தாக்குதல் என்றும் சொல்வார்கள். பெரும்பான்மை வந்துவிட்டால் சிறுபான்மையின் புத்தகம் செல்லாது என்பது எமது வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டிய விடயமல்ல. எனினும் இந்தத் தாக்குதலுக்கு ஓர் எல்லை உண்டு. மற்றவருடைய பணப்பையிலிருந்து அதனால் திருட முடியாது. இல்லாத நாணயத்தை உருவாக்கவும் முடியாது. தான் கொடுத்த காசைத் திரும்ப எடுத்து இரண்டாவது முறை செலவழிக்கலாம், மற்றவர்களின் கொடுக்கல் வாங்கலைப் புத்தகத்தில் ஏற விடாமல் மறிக்கலாம். ஆகவே நேரடியாக அடிபடுவது பெரும்பாலும் நாணயம் மாற்றும் நிறுவனங்கள்தான். ஆனால் அடி விழுந்த மறுநாள் அந்த நாணயத்தை வைத்திருக்கும் எல்லோரும் விலை வீழ்ச்சியில் பங்கெடுக்கிறார்கள்.

51 என்ற எண்ணுக்கு மந்திரம் ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 இல் வெளியான மூல அறிக்கையிலேயே இதற்கான அட்டவணை இருக்கிறது. பணம் ஏறிய பின் ஐந்து பக்கங்கள் பொறுத்திருந்தால், 10 வீத வேகம் உள்ளவர் ஏமாற்றி வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 30 வீதம் உள்ளவருக்கோ அது நூற்றுக்குப் பதினெட்டுக்கு அண்மித்ததாகும். பாதியைத் தாண்டினால் எத்தனை பக்கம் பொறுத்திருந்தாலும் பயனில்லை.

சரி, விலைக்கு வருவோம்.

2025 இன் பிற்பகுதியில் பிட்கொயின் வலையமைப்பின் மொத்த வேகம் ஒரு செக்கனுக்கு ஒரு செட்டாஹேஷ் என்ற அளவைத் தொட்டது. அதாவது ஒவ்வொரு செக்கனும் 1 இற்குப் பின்னால் 21 பூச்சியங்கள் போட்ட எண்ணிக்கையிலான சீட்டுகள். வெளியிலிருந்து ஒருவர் வந்து இதை மிஞ்ச வேண்டுமென்றால் அதே அளவு வேகத்தைத் தானும் கொண்டுவர வேண்டும். இதற்கென்றே செய்யப்பட்ட ஒரு நவீன இயந்திரம் 200 டெராஹேஷ் வேகத்தில் ஓடும், 3500 வோட் மின்சாரம் குடிக்கும். வகுத்துப் பார்த்தால் 50 இலட்சம் இயந்திரங்கள். ஒன்று 3000 டொலர் என்று வைத்துக்கொண்டால் 1500 கோடி டொலர். டொலர் 300 ரூபா என்ற கணக்கில் நாலரை இலட்சம் கோடி ரூபா. 2024 ஆம் ஆண்டு முழுவதும் எமது அரசாங்கம் திரட்டிய வருமானத்தை விட அது அதிகம். இயந்திரங்களை வைக்கக் கட்டடம், குளிரூட்டல், ஆட்கள் எல்லாம் தனி.

மின்சாரம்? 50 இலட்சம் இயந்திரங்களுக்கு 17,500 மெகாவோட். தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவோட். அப்படியானால் 117 மேல் கொத்மலைகள் வேண்டும். இலங்கை முழுவதும் உச்ச நேரத்தில் பாவிக்கும் மின்சாரம் 2500 இலிருந்து 3000 மெகாவோட் வரைதான். நாட்டைப் போல் ஆறு ஏழு மடங்கு. காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையில் வாழ்ந்துகொண்டே 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தியவனுக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

இந்த இடத்தில் பலரும் கணக்கை நிறுத்திவிடுவார்கள். "பார்த்தீர்களா, எவராலும் முடியாது" என்பார்கள். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. மேலே நான் சொன்னது கொள்வனவு விலை. வாடகைக்கு எடுத்தால்?

அதைக் கணக்கிட இன்னொரு வழி உண்டு. 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பக்கம் எழுதுபவருக்குப் புதிதாகக் கிடைப்பது 3.125 பிட்கொயின். நாளுக்கு 144 பக்கம், ஆகவே 450 பிட்கொயின். ஒன்றின் விலை ஒரு இலட்சம் டொலர் என்றால் நாளொன்றுக்கு 4.5 கோடி டொலர். இந்தத் தொழிலில் போட்டி கடுமை. ஆகவே எல்லோரும் சேர்ந்து செலவழிப்பதும் ஏறத்தாழ இந்த வருமானத்தை ஒட்டியே நிற்கும். அதாவது இந்த வலையமைப்பைக் காக்கும் காவற்காரனின் நாட்கூலி 4.5 கோடி டொலர். ஒரு நாளைக்கு அதே அளவு கூலி கொடுத்து எதிர்ப்படை ஒன்றை அமர்த்த முடிந்தால் புத்தகம் உங்களுடையது. 1500 கோடி எங்கே, 4.5 கோடி எங்கே!

இன்னொரு விடயமும் உண்டு. தாக்குபவர் எழுதும் இரகசியப் புத்தகம் வென்றுவிட்டால், அதிலுள்ள ஒவ்வொரு பக்கத்திற்குமான 3.125 பிட்கொயினும் அவருக்கே. கொடுத்த கூலி அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. தேறிய செலவு பூச்சியத்தை நெருங்கலாம். சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் எரிக் புடிஷ் 2018 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த முடிச்சைத்தான் பிடித்தார். புத்தகத்தைக் காக்க ஒவ்வொரு நாளும் கொடுக்கும் கூலி, புத்தகத்தை மாற்றினால் கிடைக்கும் இலாபத்தோடு ஒப்பிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் காவல் இல்லை.

அப்படியானால் பிட்கொயினை ஏன் இன்னும் யாரும் தாக்கவில்லை? அந்த 50 இலட்சம் இயந்திரங்கள் வாடகைச் சந்தையில் இல்லை என்பதால். அவை வேறெந்த வேலைக்கும் உதவாதவை. பிட்கொயினின் நம்பிக்கை உடைந்து விலை விழுந்தால் அவை பழைய இரும்பு. சொந்தக்காரன் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கமாட்டான். 2014 ஜூனில் ஜிஹேஷ் என்ற ஒரே கூட்டு சிறிது நேரம் பாதிக்கு மேல் பிடித்தது. பதற்றம் ஏற்பட்டது. அதில் சேர்ந்திருந்தவர்களே விலகிப் போனார்கள். அவர்களைப் பிடித்து வைத்தது பெட்டிக்குள் இருந்த இயந்திரத்தின் விலை. ஒரு பூட்டைப் பற்றி இப்படிச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும்: உடைக்க முடியாதது என்பதால் அல்ல, உடைப்பவனுக்கு நட்டம் என்பதால் அது நிற்கிறது.

இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு நாணயங்கள் சாட்சி. பிட்கொயின் கோல்ட் என்று ஒன்று 2017 இல் பிரிந்து வந்தது. விசேட இயந்திரம் வாங்க முடியாத சாதாரண மக்களும் வீட்டுக் கணினியின் வரைகலை அட்டையில் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் வரைகலை அட்டைகள் உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றுக்கு வேறு வேலையும் உண்டு. இந்த நாணயம் செத்தால் அவை இன்னொன்றை ஓட்டும். 2018 மே மாதம் அதில் 388,000 இற்கும் மேற்பட்ட நாணயங்கள், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.8 கோடி டொலர், இரண்டு முறை செலவழிக்கப்பட்டன. 2020 ஜனவரியில் மறுபடியும் இரண்டு முறை. இம்முறை மொத்தம் 7167 நாணயங்கள், 70,000 டொலருக்குச் சற்று மேல். இந்த இரண்டாவது சம்பவத்தை ஆராய்ந்தவர் வாடகைச் சந்தை விலையை வைத்துக் கணக்கிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் 2000 டொலருக்கும் குறைவாகவே செலவாகியிருந்தது. அன்றைய நாணய மாற்றில் நான்கு இலட்சம் ரூபாவுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி பக்கக் கூலியாகத் திரும்பி வந்திருக்கும்.

எதீரியம் கிளாசிக்கின் கதை இதைவிடப் பெரிது. 2019 ஜனவரியில் ஒரு தாக்குதல். 2020 ஒகஸ்டில் ஒரே மாதத்தில் மூன்று. முதலாவதில், தாக்கியவர் 17.5 பிட்கொயின், அதாவது ஏறத்தாழ 192,000 டொலர் கொடுத்து வேகத்தை வாடகைக்கு எடுத்து, 56 இலட்சம் டொலர் பெறுமதியான நாணயங்களை இரண்டு முறை செலவழித்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். போட்ட முதலுக்கு 29 மடங்கு. இது பெயர் தெரியாத நாணயமும் அல்ல. அன்று உலகின் பெரிய மாற்று நிறுவனங்கள் பலவற்றில் பட்டியலிடப்பட்டிருந்தது.

2025 இல் மொனேரோவுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். கியூபிக் என்ற இன்னொரு திட்டம், மொனேரோவை ஓட்டுபவர்களுக்குத் தன்னுடைய நாணயத்தில் மேலதிகக் கூலி கொடுத்து அவர்களைத் தன் பக்கம் இழுத்தது. ஒகஸ்டில் பெரும்பான்மையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தது. உண்மையில் பாதியைத் தாண்டியதா என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடில்லை. ஆனால் புத்தகத்தில் ஆறு பக்கங்கள் மாற்றி எழுதப்பட்டன, செப்டெம்பரில் பதினெட்டு. இங்கு எவரும் இயந்திரம் வாங்கவில்லை. ஆட்களுக்கு ஆசை காட்டினார்கள். தேர்தல் காலத்தில் எமது ஊர்களில் பார்க்காததா என்ன?

பிட்கொயினின் காவற்கூலியும் நிரந்தரமல்ல. நான்கு வருடங்களுக்கு ஒரு முறை புதிய நாணயம் பாதியாகக் குறைகிறது. 2028 இல் 3.125 என்பது 1.5625 ஆகும். விலையோ கட்டணமோ ஏறாவிட்டால் காவல் மெலியும். இது இன்று நாளை வரும் ஆபத்தல்ல. ஆனால் "என்றென்றைக்கும் பாதுகாப்பு" என்று யாராவது மேடையில் சொன்னால் இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நண்பரின் செயலிக்கு வருகிறேன்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். இந்த நாணயத்தை விற்றவரிடம் மூன்று விடயம் கேளுங்கள். புத்தகத்தின் பிரதி எத்தனை பேரிடம் இருக்கிறது? பக்கம் எழுதுபவர் யார்? அவருக்கு நாளொன்றுக்குக் கூலி எவ்வளவு? விற்றவர் அவருக்கு மேலே உள்ளவரிடம் கேட்டு, மறுநாள் ஒரு குரல் பதிவை அனுப்பியிருந்தார். "எங்கட கொயினுக்கு மைனிங் எல்லாம் தேவையில்ல. எல்லாம் கொம்பனி சேர்வர்ல இருக்கு. அதுதான் ரொம்ப சேஃப்." பெருமையாகத்தான் சொன்னார்.

அப்படியென்றால் தாக்குதலின் விலை என்ன? பிட்கொயினுக்கு 1500 கோடி டொலர். பிட்கொயின் கோல்டுக்கு 2000 டொலர். இதற்கு ஒரு கடவுச்சொல். பேனாவைப் பிடித்திருக்கும் ஒருவர் காலையில் எழுந்து புத்தகத்தை மாற்ற நினைத்தால் ஒரு சதமும் செலவில்லை. மேலே மேலே ஏறிய அந்தப் பச்சைக் கோட்டையும் வரைபவர் அவரே. தோட்டத்து செக்ரோல் கூட இதைவிட மேல். அங்கே கணக்கப்பிள்ளையின் முகமாவது தெரியும், தொழிற்சங்கத்திடம் போய் முறையிடவாவது ஆள் உண்டு.

எமது நாட்டில் இது புதிதல்ல. ஸ்போர்ட்ஸ் செயின் என்ற கிரிப்டோ திட்டத்தில் பணத்தை இழந்தவர்களின் கதை 2022 இல் சர்வதேச ஊடகங்கள் வரை சென்றது. பின்னர் மத்திய வங்கி, 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலை 2023 இல் வெளியிட்டபோது அதன் பெயரும் ஒன்மெக்ஸ் டீரீயின் பெயரும் அதில் இருந்தன. கிரிப்டோ திட்டம் நடத்த எவருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று 2021 இலும் 2022 ஜூலையிலும் மத்திய வங்கி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. இந்த அறிவித்தல்கள் நகரத்து வங்கிகளின் சுவரில் இருக்கலாம். லயத்துக்கு வருவது குரல் பதிவு. அடிப்படை நாட்சம்பளத்துக்காக அட்டைக்கடிக்குள் நிற்பவருக்கு, "உன் பணம் தூங்கும்போதும் உழைக்கும்" என்று யாரோ சொன்னால் அது காதில் எப்படி விழும் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எமது வியாபாரிகளின் பங்கும் இதில் இருக்கிறது. தோட்டத்து மக்கள் எமது கடைகளில் கொப்பிக் கணக்கில் சாமான் எடுத்துத் தலைமுறைகளாகப் பழகியவர்கள். "முதலாளியே போட்டிருக்கிறார்" என்பது அவர்களுக்கு மத்திய வங்கியின் சொல்லை விடப் பெரிய உத்தரவாதம். பிரமிட் திட்டக்காரர்கள் அதை நன்றாக அறிந்தே முதலில் கடைக்காரரிடம் வருகிறார்கள்.

நண்பர் 25,000 ரூபாவைத் திரும்ப எடுக்க விண்ணப்பித்துப் பார்த்தார். "பரிசீலனையில்" என்று செயலி சொல்கிறது. மூன்று மாதமாக அதையே சொல்கிறது. தன் இரண்டரை இலட்சத்தை அவர் மறந்துவிட்டார். ஆனால் பையன் போட்ட பணத்துக்குத் தானே பொறுப்பு என்று, சம்பளத்தோடு மாதம் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்து வருகிறார். யாரும் கேட்காமல் அவராகவே செய்தது.

போன வாரம் அவர் மறுபடியும் என்னை அழைத்தார். பையன் அந்தப் பத்தாயிரத்தைத் தாயிடம் கொடுக்கும்போது, கொயின் தந்த இலாபம் என்று சொல்லிக் கொடுக்கிறானாம். உண்மையைச் சொல்லப் பயம். தாயாரும் சந்தோஷப்பட்டு, அயல் லயத்தில் இந்த வருடம் ஓய்வு பெறும் இரண்டு பேரிடம் விடயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கடைக்கு வந்து, எங்களுக்கும் சேர்த்துவிடுங்கள் முதலாளி என்று கேட்டு நின்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்துக்குப் போகிறோம்.